மேரிக்குக் கொடுத்த மாவு

திருத்தங்கலில் மணிகண்டராஜின் அச்சகத்தில் கற்பகவல்லிக்குப் பதினோரு வருட வேலை. எழுத்துக் கோப்பது, பக்கம் கட்டுவது, புரூஃப் அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள் என்பதால் வெளிநாட்டு ஆர்டர் எது வந்தாலும் நேரே அவள் மேஜைக்குத்தான் வரும். காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாசி மாதத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஹெலன் அம்மாளின் ஆர்டர் வந்தது.

ஹெலனுக்கு எழுபத்தொரு வயது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் கப்பலேறி அந்த நாட்டுக்கு வந்து நூற்றெழுபத்தைந்து வருடம் ஆகிறதாம். சொந்தபந்தமெல்லாம் கூடி விழா எடுக்கப்போகிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு புத்தகம் வேண்டும். அந்தக் குடும்பத்தின் முதல் பெண்மணியான பிரிஜெட் கைப்பட எழுதிய நாட்குறிப்புதான் புத்தகம். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பழைய கையெழுத்தைப் படித்துக் கோத்துக் கொடுப்பது கற்பகவல்லியின் வேலை.

ஒரே வாரத்தில் பிரிஜெட்டை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அயர்லாந்துக்காரி. உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினியில் விழுந்தபோது, தாய் தகப்பன் இரண்டு பேரையும் வாரிக்கொடுத்தவள். அநாதைப் பெண்களைக் கூட்டிப்போன கப்பலில் பதினேழு வயதில் ஏற்றிவிடப்பட்டாள். போன இடத்தில் டன்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் கதையும் லேசுப்பட்டதல்ல. ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று ஜமீன்தாரின் ஆட்கள் அவனது வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தார்கள். மழையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வீடு எரிவதைப் பார்த்த சிறுவன் அவன். இப்போது அவனே ஒரு ஆற்றோரத்தில் ஆயிரம் ஆடு வைத்திருந்தான்.

கற்பகவல்லி சாயங்காலம் தாயில்பட்டி வீட்டுக்குப் பஸ் ஏறிப்போய், அன்றன்று கோத்ததை மகள் ஹர்ஷினிக்குச் சொல்வாள். பிரிஜெட்டுக்குத் தலைப்பிள்ளை பிறந்த கதையை மட்டும் இரண்டு தரம் சொன்னாள். டன்கன் ஆடுகளோடு போயிருந்த நேரம், நான்கு காதத்துக்கு வேறு வீடு கிடையாது, இடுப்புவலி கண்டுவிட்டது. ஆற்றங்கரையில் குடியிருந்த அந்த மண்ணின் பூர்வகுடிப் பெண் ஒருத்தி அலறல் கேட்டு வந்தாள். இரண்டு நாள் கூடவே இருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு தினமும் விலாங்கு மீன் சுட்டுக் கொண்டுவந்தாள். அவள் பெயர் பிரிஜெட்டின் வாயில் நுழையவில்லை. அதனால் மேரி என்று கூப்பிட்டாள்.

“அந்த மேரி அம்மா போட்டோ இருக்கா?” என்று ஹர்ஷினி கேட்டாள்.

“அவுகளுக்கு ஏதுடி போட்டோ.”

நாட்குறிப்பின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் வெறும் சிக்கலாக இருந்தன. எழுத்து மேல் எழுத்து விழுந்து கோழி கிளறிய மாதிரி. ‘எங்கள் வீட்டில் இதை யாரும் படித்ததில்லை. படமாக மட்டும் போட்டால் போதும்’ என்று ஹெலன் எழுதியிருந்தார்.

ஒரு புதன்கிழமை மதியம், அந்தப் படங்களைப் பக்கத்தில் பொருத்துவதற்காக ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பினாள் கற்பகவல்லி. திருப்பியதும் சட்டென்று ஒரு வரி துலங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அது கிறுக்கல் இல்லை. காகிதம் தீர்ந்துபோய், எழுதி முடித்த பக்கத்தின் மேலேயே குறுக்குவாக்கில் எழுதியிருக்கிறாள் பிரிஜெட். நேராக வைத்தால் ஒரு பக்கம், சாய்த்து வைத்தால் இன்னொரு பக்கம்.

புதையல் கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. சாப்பாட்டு வாளியைத் தள்ளி வைத்துவிட்டு வரி வரியாகத் தட்டத் தொடங்கினாள். ஆடுகள் காணாமல் போகின்றன. ஆற்றங்கரை ஆட்கள்தான் பிடித்துத் தின்கிறார்கள் என்கிறான் டன்கன். அவர்கள் வேட்டையாடிய மிருகமெல்லாம் ஆடு வந்தபின் ஓடிப்போய்விட்டது, வேறென்ன செய்வார்கள் என்கிறாள் பிரிஜெட். அதன் பிறகு இது:

‘டன்கன் புது மூட்டை ஒன்றை உள்ளே கொண்டுவந்து வைத்தான். அந்த மூட்டையிலிருந்து நம் ரொட்டிக்கு மாவு எடுக்காதே என்றான். ஆடுகளின் சொறிக்குப் பூசும் பாஷாணம் வைத்திருந்த டப்பா காலியாகக் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.’

‘மேரி வந்தாள். பிள்ளைகளுக்குப் பசி என்று வயிற்றைக் காட்டினாள். புது மூட்டையிலிருந்து அள்ளி அவள் மடியில் போட்டேன். என் மகன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.’

‘ஆற்றங்கரையில் பதினேழு பேர். டன்கனும் ஆட்கள் இரண்டு பேரும் வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு போனார்கள். குதிரை பெஸ்ஸிக்கு இடது முன்னங்கால் நொண்டுகிறது.’

தப்பாகப் படித்திருப்போம் என்று கற்பகவல்லி படத்தைப் பெரிதாக்கினாள். பதினேழு. எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதியிருந்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். ‘ஏன் என்று நான் கேட்கவில்லை.’ ஆஃப்செட் மிஷின் ஓடுகிற சத்தம் எங்கேயோ தொலைவில் கேட்டது.

பைண்டிங் பகுதியிலிருந்து பஞ்சம்மாள் டீ கொண்டுவந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்தாள். “என்ன தாயி, வீட்ல யாருக்கும் எதுவுமா?”

கற்பகவல்லி இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள். சொல்லச் சொல்லப் பஞ்சம்மாளின் வாய் திறந்தபடி இருந்தது.

“பிள்ளப்பேறு பாத்தவளுக்கா?”

“ஆமாக்கா.”

“பட்டினின்னா என்னன்னு தெரிஞ்சவ, மாவுல வெசத்த வச்சா குடுத்தா?”

பஞ்சம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மணிகண்டராஜ் நிதானமான மனிதர். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா கற்பகம், அவுக கொண்டாட்டத்துக்குப் புத்தகம் கேக்காக. படமாப் போட்டாப் போதும்னு அவுகளே எழுதிட்டாக. நீ படிச்சேன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே அண்ணாச்சி.”

“நூத்தி எழுபது வருசத்துக்கு முந்தி செத்தவுகள நாம போயி என்னத்தச் செய்ய?”

“குதிரைக்குப் பேரு எழுதியிருக்கா அண்ணாச்சி. செத்தவுகளுக்குக் கணக்கு மட்டும்தான். எங்க மதினி பத்திரகாளி பட்டாசு ஆலை வெடிச்சுச் செத்தப்ப பேப்பர்ல ‘நாலு பெண்கள் உள்பட ஒம்பது பேர்’னுதான் போட்டான். ஒம்பதுல ஒண்ணு. எங்க வீட்டுக்காரக, அக்கா பேரே இல்லாத அந்தப் பேப்பர எத்தன நாளு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாக தெரியுமா.”

அந்த வெடிவிபத்து நடந்த அன்று, காயம்பட்டவர்களை ஏற்றிப்போகத் தாயில்பட்டிக்கு முதலில் கார் எடுத்து வந்தவர்களில் மணிகண்டராஜும் ஒருவர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“புத்தகத்துல நீயா சேக்காத. தனியா அனுப்பு. அவுக வீட்டு விசயம், அவுக முடிவு பண்ணட்டும்.”

அவள் அனுப்பினாள். எப்படிப் படத்தைத் திருப்ப வேண்டும் என்பதையும் எழுதினாள். ‘மன்னிக்கவும்’ என்று முடித்தாள், எதற்கென்று தெரியாமலே.

தினம் இரண்டு மெயில் போடுகிற ஹெலனிடமிருந்து எட்டு நாள் சத்தமே இல்லை. ஒன்பதாம் நாள் அவர் தம்பியிடமிருந்து நாலு வரி வந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் வேண்டாம், படமாகக்கூட வேண்டாம், மற்றதை அச்சடித்து அனுப்பவும். மணிகண்டராஜ் அதைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். “நாம சொல்லியாச்சு. இனி நம்ம கையில இல்லம்மா.”

மறுநாள் காலை ஹெலனே வீடியோவில் கூப்பிட்டார். பத்து நாளில் பத்து வயது கூடியவர் போலிருந்தார். தலைகூட வாரவில்லை.

“கற்பகா, நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னோடு பேச விரும்பாவிட்டாலும் சரி.”

அவர் சொன்னது இதுதான். ஹெலனின் ஊரில் ரூபி என்று ஒரு பெண்மணி இருக்கிறார். அந்த ஆற்றங்கரைப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ரூபியின் மகள், ஜோடி என்று பெயர், ஹெலனின் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை. ‘எங்கள் ஆறு’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, பெரிய வீட்டு மாவைத் தின்று எங்கள் ஆட்கள் இந்த ஆற்றில் செத்தார்கள் என்று அவள் எழுதினாள்.

“நான் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில், பொய் எழுதக்கூடாது என்று எழுதினேன். வகுப்பு முன்னால் அவளை நிற்கவைத்து அதைப் படிக்கச் சொன்னேன்.”

கற்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீ அனுப்பியதை எடுத்துக்கொண்டு நேற்று ரூபி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே படித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். அதே நோட்டு. அதே பக்கம். இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார். அவர் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.”

கேமரா நகர்ந்தது. நரைத்த சுருட்டை முடியோடு அகன்ற முகம் ஒன்று திரையில் வந்தது. சிரிப்புமில்லை, கோபமுமில்லை.

“நீதான் அந்தப் பக்கங்களைப் படித்தவளா? உன் ஆட்கள் யார்? எந்த ஊர்?”

கற்பகவல்லி ஊரைச் சொன்னாள், ஊர்ச்சனம் பார்க்கிற பட்டாசு வேலையைச் சொன்னாள், புருசன் பெயரையும் மகள் பெயரையும் சொன்னாள். ரூபி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

“அம்மா, படித்த நாளிலிருந்து என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. இப்படியும் செய்வார்களா?”

“உனக்கு அதிர்ச்சி. இவளுக்கும் அதிர்ச்சி. எங்கள் வீட்டில் இது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சேதி. ரொட்டி பிடிக்காமல் துப்பிய ஒரு சிறுமி பிழைத்தாள். அவள் வழியில் வந்தவர்கள் நாங்கள்.”

கற்பகவல்லி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்தம்மாவின் நிஜப்பெயர் உங்களுக்குத் தெரியுமா? மேரி என்று போட எனக்கு மனசு வரவில்லை. பெயரைச் சொன்னால் அதையே அச்சில்...”

“தெரியும்.” ரூபி உடனே சொன்னார். “அது எங்களோடு இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். நீங்கள் அச்சடிப்பதற்கானது இல்லை அது.”

கற்பகவல்லிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், கேட்கக்கூடாததைக் கையை நீட்டிக் கேட்டுவிட்டாள். “மன்னியுங்கள் அம்மா” என்றாள். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்தது.

ரூபி அதை ஏற்றுக்கொண்டதாகவும் காட்டவில்லை, தள்ளியதாகவும் காட்டவில்லை. ஹெலன் புத்தகத்தின் முன்னால் வருத்தம் தெரிவித்து ஒரு முன்னுரை எழுதட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று கையசைத்தார்.

“உன் வருத்தத்தை நீ வைத்துக்கொள். அந்தப் பிரிஜெட் கிழவி எழுதியதை ஒரு பக்கம் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் என் மகள் எழுதியதைப் போடுங்கள். சிவப்பு மை அப்படியே தெரிய வேண்டும். ஜோடியிடமும் கேட்டுவிட்டேன்.”

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஹெலனின் தம்பி ஆர்டர் தன்னுடையது இல்லை என்று எழுதி விலகிக்கொண்டார். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் நாற்பது பேர் விழாவுக்கு வரமாட்டோம் என்றார்கள். ஒருவர் ஹெலனைக் குடும்பத்துரோகி என்று ஊர் இணையப் பக்கத்தில் எழுதினார். விழாவே நின்றுபோயிற்று. ஹெலன் இருநூறை எண்பதாகக் குறைத்துத் தன் பெயரில் ஆர்டர் கொடுத்தார்.

நோட்டுப் பக்கம் ஓடுகிற அன்று கற்பகவல்லி மிஷின் பக்கத்திலேயே நின்றாள். மிஷின்மேன் சபரிநாதன் முதல் தாளை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். உருண்டை உருண்டையான பிள்ளைக் கையெழுத்து. அதன் மேல் குறுக்கே, பேனா அழுத்தியதில் காகிதமே கிழிந்துபோன சிவப்புக் கோடு.

“என்னம்மா, புள்ள எழுதுனது இம்புட்டு அழகா இருக்கு. இந்தச் செவப்பு அசிங்கமாத் தெரியுதே. கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு நீட்டா போட்ருவமா?”

“இல்லண்ணே. செவப்பு இன்னுங் கொஞ்சம் ஏறணும். ஒரிஜினல்ல இதவிட அழுத்தமா இருக்கு.”

சபரிநாதன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மையைக் கூட்டும் சாவியைத் திருகினார். மூன்றாவது தாளில் நிறம் சரியாக வந்தது.

புத்தகக் கட்டு கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று. வைகாசியில் ஒரு காலை, அச்சக மெயிலுக்கு முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஒரு வரி வந்திருந்தது. அனுப்பியவர் ஜோடி. ‘அம்மா வாசித்தார். சிவப்புக் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது.’

கற்பகவல்லி பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் ‘உங்கள் மெயில் கிடைத்தது’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.