கிளமென்ட் காரின் டக் டக்

கிளமென்ட்டின் காரில் சத்தம் வந்தது என்று மட்டும் சொன்னால் அது சத்தத்துக்கே அவமானம். வலங்கைமானில் வண்டியைக் கிளப்பினால் பாபநாசத்தில் ஆட்கள் கதவைத் திறந்து "யாருங்க?" என்று கேட்டார்கள். வாய்க்கால் கரை மரங்கொத்தி ஒன்று, சொந்தக்காரன் எவனோ கூப்பிடுகிறான் என்று மூன்று மைல் கூடவே பறந்து வந்து, பானெட்டைப் பார்த்ததும் மனம் கசந்து திரும்பிப் போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

உரக்கடை வைத்திருக்கும் கிளமென்ட்டுக்கு மரங்கொத்தி பெரிதில்லை. மனைவி அருள்ஜோதிதான் பெரிது. ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளியில் அவள் அக்கா மகள் சான்ட்ராவுக்கு நிச்சயம்.

"இதுல போயி எறங்குனா, பாண்டு செட்டு வந்துடுச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சு நிப்பாங்க. சத்தம் நிக்கலேன்னா நான் தம்பி கார்ல போயிக்கிறேன்" என்றாள்.

தம்பி கிளாட்சனின் கார் புதிது. கண்ணாடி தானாக இறங்கும். அதில் ஒருதரம் உட்கார்ந்தவள் இதில் மறுபடி உட்காருவாளா? கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்டில் இருந்தவள் முன்னால் பறக்க, தான் மட்டும் மச்சினன் புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் போவதை நினைத்ததும் கிளமென்ட் வண்டியை நேரே பட்டறைக்கு விட்டார்.

உள்ளூர் மெக்கானிக் ராஜராஜன் ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "டேப்பட் சார். வால்வைத் தட்டுற இடம் லூசாயிருக்கு."

கிளமென்ட் டீ குடித்துவிட்டு வந்தபோது எஞ்சின் தூங்கும் பூனையாக இருந்தது. சாவியை வாங்கி ஓட்டிப் போனார். தெருமுனையில் டக் டக். திரும்பினார். ராஜராஜன் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ செய்து, ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். பூனை. பானெட்டை மூடி அனுப்பினார். தெருமுனை. டக் டக். ஆயிலை மாற்றினார். பூனை. தெருமுனை.

"சார், கோளாறு தெருமுனைலதான் இருக்கு. பேரூராட்சியில மனு குடுங்க" என்றார் ராஜராஜன்.

கடைக்கு உரம் வாங்க வந்த வயல்காரர், பம்ப்செட்டுக்குச் செய்கிறபடி எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். பங்குச் சாமியார், கடைசியாகப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தது எப்போது என்று கேட்டார். கிளமென்ட் பல்லைக் கடித்த சத்தத்தில் சில நாள் டேப்பட் சத்தமே கேட்கவில்லை.

சனிக்கிழமை கூத்தாநல்லூர் மெக்கானிக் ஜாஃபர் சாதிக்கிடம் போனார். இந்த முறை டீ கிடையாது. ஸ்டூலை பம்பருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "கண்ணைக்கூட இமைக்க மாட்டேன் பாய்."

பாய் பானெட்டைத் திறந்தார். உள்ளே பார்த்ததும் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எதையோ அவிழ்த்து, வெள்ளைத் துணியில் வைத்தார். டேப்பட்டை அளந்து, "சுத்தமா இருக்கே" என்றார். ஸ்டார்ட் பண்ணினார். பூனை. அணைத்தார். மறுபடி கை கழுவி, அவிழ்த்ததைக் கட்டப் போனார்.

"அது என்ன பாய்?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? உங்க மாதா. கிரீஸ் கையோட தொடலாமா?"

பானெட்டைத் திறப்பது மெக்கானிக் வேலை என்றே வாழ்ந்த கிளமென்ட் அன்றுதான் உள்ளே எட்டிப் பார்த்தார். பாய் கட்டி முடித்ததும், மாதா படம் பொறித்த உள்ளங்கை அகலப் பித்தளைப் பதக்கம், எஞ்சின் மூடிக்கு ஒரு விரற்கடை மேலே கம்பியில் தொங்கியது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை மிதிங்க பாய்."

டக் டக் டக்.

ராஜராஜனுக்கு போன் போட்டார். "ஆமா சார், ஒவ்வொரு தடவையும் அவுத்துட்டுத்தான் வேலை பாத்தேன். ஒவ்வொரு தடவையும் மூஞ்சி கை கால் கழுவிட்டுத்தான் திருப்பிக் கட்டுனேன். சாமி விஷயம் பாருங்க."

பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொக்கு ஒன்றுகூட எழும்பாமல் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வந்த அருள்ஜோதி, "ஏங்க, சத்தமே இல்லீங்களே!" என்று சிரித்தாள். கிளமென்ட் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பெருமை தாங்காமல் பதக்கத்தை எடுத்துக் காட்டினார்.

"ஐயோ, அம்மா கட்டுனதை அவுத்துட்டீங்களா!"

மாமியார் செபஸ்தியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். "வேளாங்கண்ணிக்கு நடந்துபோயி மந்திரிச்சுக் கொண்டாந்தது மாப்பிள்ளை. போன மாசம் நான்தான் கட்டுனேன்."

"டேஷ்போர்டுல வைக்கிறேங்க அத்தை."

"அங்க என்ன, வேடிக்கை பாக்கவா? ஆபத்து எஞ்சின்லதானே வருது?"

"அப்ப அடியில கொஞ்சம் ரப்பர் வெச்சு..."

"மாதாவுக்குத் தலகாணியா?"

பதக்கம் இருந்த இடத்துக்கே போனது. கிளமென்ட் ராத்திரி சாப்பிடவில்லை.

காலையில் கிளாட்சன் புதுக் காரோடு வந்து நின்றான். "அக்கா, ஏறுங்க. மச்சான் டமாரம் அடிச்சுக்கிட்டு மெதுவா வரட்டும்."

அருள்ஜோதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அது டமாரம் இல்லடா. மாதா பேசுறாங்க. உன் வண்டில யாரு பேசுறா? ஜன்னலுதான் பேசுது." கணவன் காரின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். செபஸ்தியம்மாள் பின்னால் ஏறினார்.

கிளமென்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயம்பேட்டை வரைக்கும் டக் டக் என்று ராஜநடையாகப் போனது வண்டி. அதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் எஞ்சின் அமைதியானது. கம்பி முறுக்கிக்கொண்டு பதக்கம் ஒருக்களித்துத் திரும்பியிருக்கும். கிளமென்ட் மூச்சுக் காட்டாமல் ஓட்டினார். அப்பாடா என்று இருந்தது.

அருள்ஜோதி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, சத்தம் நின்னுபோச்சு! ஓரம் கட்டுங்க, ஓரம் கட்டுங்க! எனக்குப் பயமா இருக்கு."

கிளமென்ட் ஓரம் கட்டினார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, பாட்டில் தண்ணீரில் கை கழுவி, பானெட்டைத் திறந்து, நன்றாகத் தட்டும்படியாகக் கட்டினார்.