ஐந்து ஓம்

காலை பத்து பத்துக்குத் தேனுஜாவிடமிருந்து மின்னஞ்சல் வரும். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைச் சுத்தம் செய்து, முடிந்ததும் எல்லோருக்கும் சேதி அனுப்பும்படி அவள் ஒரு நிரல் எழுதிவைத்திருந்தாள். அதை நிறுத்த, ஜெர்மனியின் பான் நகரில் உள்ள எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. சேதியில் ஒரே வரி, விளையாட்டுக்குத் தமிழில் எழுதியது: "பாத்தாச்சோ?" அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படிக்கும்போதெல்லாம் முதுகு சில்லிடும். பதில் போட்டதில்லை.

அவளை நான் பார்த்ததேயில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவள். பிப்ரவரியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் பாதியில் விட்ட கட்டுரையை முடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்த நான் குருமூர்த்தி. பெயரோடு சரி, பக்தி கிடையாது; சாமி கும்பிடுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு. எனக்குக் கொடுத்தது அவள் மேசை, அவள் நாற்காலி. கொக்கியில் அவள் சால்வை அப்படியே தொங்கியது. உட்காரும்போதெல்லாம் யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருக்கும்.

அவள் ஆராய்ந்தது ஏழு விண்மீன் மண்டலங்கள் சேர்ந்த ஒரு கூட்டம். ஏழிலும் ஹைட்ரஜன் வாயு நிறைய. அவற்றுக்கு நடுவே, வெறும் இருட்டு என்று நாம் நினைக்கும் இடத்திலும் வாயு இருக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி. பதினான்கு இடங்களைக் குறித்திருந்தாள். ஒவ்வொன்றும் இரைச்சலில் அமுங்கிய முனகல், தனியாகப் பார்த்தால் தேறாது. சரியான இடங்களை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் இரைச்சல் தணிந்து, இருப்பது மேலே வரும்.

அவள் நோட்டில் அந்தப் பதினான்கில் ஐந்துக்குப் பக்கத்தில் மட்டும் "ஓம்" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தரவுக்குமா பூசை? சந்தேகமான இடத்தில் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டி, அந்த ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மீதி ஒன்பதைக் கூட்டினேன். தட்டையான கோடு. "இடையில் வாயு இல்லை" என்று எழுதி முடித்தேன். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அதை அனுப்ப வேண்டிய நாளில்தான் அவள் அம்மா கமலநாயகி வந்தார், மகளின் சாமான்களை எடுத்துப்போக. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கெடு.

"ஆஸ்பத்திரியில கிடக்கேக்க சொன்னவள் தம்பி, நடுவில இருக்கம்மா, நான் கண்டிட்டன் எண்டு. எனக்கென்ன விளங்கும்? அது இருக்கோ?"

"இல்லம்மா. செக் பண்ணிட்டோம். அங்க ஒண்ணும் இல்ல."

அவர் தலையாட்டினார். "காய்ச்சலில பிதற்றியிருப்பாள்" என்றார். அதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்ற, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன்.

"இந்த மக் அவங்களோடதா?"

"ஓம்."

"சால்வை?"

"ஓம். நான்தான் வாங்கிக் குடுத்தது."

"நோட்டு வேணுமாம்மா?"

"ஓம் தம்பி, தந்தால் நல்லம். முதல்ல கீழ போய் ஒரு ஃபொர்முலாரில கையெழுத்து வச்சிட்டு வாறன்."

சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் போனார். நோட்டு என் கையில் விரிந்திருந்தது. ஓம். ஓம். ஓம். ஓம். ஓம்.

யாழ்ப்பாணத்தார் "ஆமாம்" என்பதற்கு "ஓம்" என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தமிழ்க் கடையில் வாராவாரம் கேட்கிறேனே. காதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் எழுத்தில் அந்தச் சொல்லைக் கோயில் சுவரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவள் யாரையும் கும்பிடவில்லை. பார்த்துப் பார்த்து, இது ஆமாம், இது ஆமாம் என்று ஐந்து முறை சொல்லியிருக்கிறாள். அவளுடைய "ஆமாம்" அத்தனையையும் எறிந்துவிட்டு, அவள் பெயரிலேயே "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

அந்த ஐந்தை மட்டும் எடுத்துக் கூட்டினேன். திரையில் கோடு மெல்ல ஓடியது, தட்டையாக, தட்டையாக. நடுவில் எழும்பியது. பிசிறில்லாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழும்பி நின்றது.

திரையின் மூலையில் சேதி வந்து விழுந்தது. பத்து பத்து.

"பாத்தாச்சோ?"

என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கட்டுரையை அனுப்பாமல் நிறுத்திவிட்டு நோட்டோடு கீழே ஓடினேன். அவர் அலுவலகத்தில் இல்லை. மேலே வர மனமில்லாமலோ என்னவோ, நோட்டைக் கேட்டதையும் மறந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் சால்வை.

"அம்மா, நான் சொன்னது தப்பு. நடுவுல இருக்கு. அவங்க பிதற்றல. அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. நான்தான் படிக்கத் தெரியாம..."

மூச்சு வாங்கியது. அவர் என் முகத்தையே பார்த்தார். பஸ் வந்து கதவைத் திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போயிற்று.

"ஓமோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.