சச்சிதானந்தன் அடித்த கோல்கள்

என் கணவர் சச்சிதானந்தன் தன் ஆயுளில் ஒரு பந்தைக்கூட உதைத்தவரில்லை. வயிறு முன்னுக்கு, அவர் பின்னுக்கு. ரயிலைப் பிடிக்கவே ஓடமாட்டார், அடுத்ததில் போவோம் என்பார். அப்படிப்பட்ட மனுசன் செத்த மறுநாள், வானொலியின் மரண அறிவித்தலில் "ஐரோப்பியத் தமிழ்க் கழகக் கிண்ணப் போட்டிகளில் அதிக கோல்களை அடித்த வீரர் ஒஸ்லோவில் காலமானார்" என்று ஒரு பெண் உருகி உருகி வாசித்தாள். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். துக்கம் விசாரிக்க வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

அறிவித்தலைக் கொடுத்தவர் எங்கள் விளையாட்டுக் கழகச் செயலாளர் தம்பிமுத்து. அந்த ஆளுக்கு மேடையும் மைக்கும் இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். "வசந்தா, கழகத்தின்ர கடமை" என்று என்னிடம் சொன்னார். நாசமாய்ப் போன கடமை.

கோல் அடித்தவன் என் தம்பி கவிசன். இரண்டாயிரமாம் ஆண்டு நோர்வேக்கு வந்தவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு, ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குள் வந்து படுத்தான். அவனுக்கென்று இந்த நாட்டில் இருந்தது ஒரு இடது கால்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலில் பந்து பட்டால் கோல் காக்கிறவனுக்கு வேலையில்லை.

கிண்ணம் ஒவ்வொரு கோடைக்கும் நோர்வேயில் ஒரு நகரத்தில் நடக்கும். பாரிஸ், லண்டன், பேர்ண் என்று எங்கள் ஆட்களின் கழகங்கள் எல்லாம் வரும். வெளியிலிருந்து ஆள் இறக்கி விளையாடுகிறார்கள் என்று ஒருமுறை அடிபிடி வந்ததால், கழகம் இருக்கிற நாட்டு விசா உள்ளவன்தான் விளையாடலாம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். தம்பிமுத்து ஒருநாள் வீட்டுக்கு வந்து, என் கையால் இடியப்பத்தையும் சொதியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, விசயத்துக்கு வந்தார்.

"சச்சி, உம்மட பேரை மட்டும் தாரும். விளையாட்டு அட்டையில பேர் உம்மட, படம் இவன்ர. வெள்ளைக்காரனோ வந்து பாக்கப்போறான்?"

"பேர்தானே? கொண்டுபோங்கோ" என்றார் என் மனுசன், குடை இரவல் கொடுக்கிற மாதிரி.

ஆறு கோடை அந்தப் பெயரில் கவிசன் விளையாடினான். ஆறு கோடையும் பாரிஸ் கழகத்து ஆனந்தராஜா என்ற நெடுவலோடுதான் அவனுக்குப் போட்டி. இவன் ஒன்று அடித்தால் அவர் ஒன்று அடிப்பார். கடைசியாக, இரண்டாயிரத்து ஆறில், ஒஸ்லோவில் நடந்த இறுதியாட்டத்தில் கவிசன் ஒரு கோலால் முந்தினான். அந்த வருசமே ஊரில் மறுபடி சண்டை பிடித்துக்கொண்டது. சனம் சாகும்போது பந்து என்ன பந்து என்று கிண்ணத்தையே நிறுத்திவிட்டார்கள். இனி அந்தக் கோல் பட்டியல் மாறாது. முதலாவது சச்சிதானந்தன், இரண்டாவது ஆனந்தராஜா.

என் மனுசனுக்கு இதெல்லாம் வெட்கம். பேர்கனில் ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் பிடித்து வைத்து, "அந்தக் கடைசிக் கோலைச் சொல்லுங்கோ அண்ணை" என்று கேட்டார்கள். கவிசன் சொல்லக் கேட்டதை இவர் அப்படியே சொன்னார். மூன்றாவது கலியாண வீட்டில் கையை எல்லாம் ஆட்டிச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். வீட்டுக்கு வந்து, "மச்சான், இண்டைக்கும் உன்ர கோலை நான்தான் அடிச்சனான்" என்பார். கவிசன் சிரிப்பான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு பாதியில் நின்றுவிடும்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் என் மனுசன் பஸ் கழுவுகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அந்த நேரம்தான் கவிசனின் வழக்கை மறுபடி எடுத்திருந்தார்கள். "இந்த முறை கிடைக்கும். ஆனால் இன்னொருத்தரின் பெயரை எங்கேயாவது பாவித்தான் என்று ஒரு சொல் வெளியே வந்தாலும் வழக்கு முடிந்தது, ஆளைப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள்" என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். ஏற்றினால் எங்கே ஏற்றுவார்கள்? அந்தச் சண்டைக்குள்தான்.

அதனால் செத்த வீட்டில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தம்பிமுத்து வந்து, பெட்டிக்கு மேலே போர்க்க, கவிசன் போட்டு விளையாடிய ஒன்பதாம் இலக்கச் சேட்டு வேண்டும் என்றார். கவிசன்தான் தன் சாமான் அறையிலிருந்து அதை எடுத்து, அயன் பண்ணி, மடித்துக் கொடுத்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கொள்ளி வைப்பதும் கவிசன்தான். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே கிரியை, பார்வை, தகனம் எல்லாம் ஒரே கட்டடம், நானும் போனேன். வெளியே நிலமெல்லாம் கண்ணாடிபோல் ஐஸ். உள்ளே பெட்டியைத் திறந்து வைத்து, கால்மாட்டில் அந்தச் சேட்டை விரித்திருந்தார்கள். பிறகு பேச்சுகள் தொடங்கின.

இடது கால் மன்னன் என்றார் ஒருவர். மின்னல் என்றார் இன்னொருவர். உண்மை தெரிந்த கழகத்து ஆட்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள். அந்தப் பெட்டிக்குள் கிடந்த மனுசனைப் பற்றி ஒரு நாய்கூட ஒரு சொல் சொல்லவில்லை. அவரோடு பத்தொன்பது வருசம் இருந்தவள் நான். எழும்பி நின்று, "நிப்பாட்டுங்கோடா, இவர் பந்தே உதைக்கேல்லை" என்று கத்த நாக்கு நுனியில் வந்தது. தலைமாட்டில் வேட்டியோடு நின்ற கவிசனைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் தம்பிமுத்துவின் முகத்தில் ஈயாடாமல் போனது. வாசலில் ஒரு நெடுவல், தோளில் பனி, கையில் மலர்வளையம். ஆனந்தராஜா. வானொலி கேட்டுவிட்டுப் பாரிசிலிருந்து பிளேன் ஏறி வந்திருக்கிறார், தன்னை வென்றவனைக் கடைசியாகப் பார்க்க.

"மூடுங்கோ, பெட்டியை மூடுங்கோ" என்று தம்பிமுத்து பதறினார். மண்டபத்து நோர்வே மனுசி, இன்னும் நேரம் இருக்கிறது, அவசரமில்லை என்று கனிவாகச் சொல்லிவிட்டாள்.

ஆனந்தராஜா வந்து கைகூப்பினார். குனிந்து முகத்தைப் பார்த்தார். சேட்டைப் பார்த்தார். திரும்ப முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவர் நேரே கவிசனைக் கண்டார். ஆறு கோடை துரத்திய ஆள் உயிரோடு எதிரில் நிற்கிறான். கவிசன் கண்ணைக் கீழே போட்டான்.

அவர் மெல்ல என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அக்கா, இவர் ஆர்?"

"என்ர மனுசன். சச்சிதானந்தன்."

"அப்ப அங்கை நிக்கிறவர்?"

"என்ர தம்பி. அவனுக்கு இன்னும் விசா இல்லை" என்றேன்.

அவர் நினைத்தால் இப்போதே எழும்பி ஒரு சொல் சொல்லலாம். கள்ளப் பெயரில் விழுந்த கோல்கள் எல்லாம் அழியும், அவர்தான் முதலாவது ஆள். அதற்குத்தானே ஆறு கோடை ஓடினார்.

அந்த நேரம் பார்த்து, பேர்கனிலிருந்து வந்திருந்த என் தூரத்து மச்சாள் இராசமணி, கலியாண வீட்டுக் கதையை நம்பியவள், மலர்வளையத்தில் பேரைப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்து, "அண்ணையோட போட்டிபோட்ட பாரிஸ் வீரர் ஆனந்தராஜா இப்ப ரெண்டு வார்த்தை கதைப்பார்" என்றாள்.

ஆனந்தராஜா என் பக்கம் குனிந்தார். "அக்கா, இவர் எப்பிடிப்பட்ட ஆள்? கெதியாச் சொல்லுங்கோ."

செத்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் மைக்குக்கு முன்னால் நின்றார். கவிசன் தலை நிமிரவில்லை. தம்பிமுத்து கண் துடைத்த கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டார்.

"பந்தைப் பற்றி எல்லாரும் கதைச்சிட்டியள், நான் அதைக் கதைக்கமாட்டன்" என்று தொடங்கினார். "இந்த மனுசன், தன்ர மனுசி வேலையால வாற நேரம் ஹவுகெட்டோ ஸ்டேசனில பனிக்குள்ள நிண்டவர். தன்ர கையுறையைக் கழட்டி அவவுக்குக் குடுத்திட்டு, பொக்கற்றுக்குள்ள கையை வைச்சுக்கொண்டு நடந்தவர். வீட்டுக்கு வந்தவருக்குப் படுக்க இடமில்லை எண்டவுடன, அலுமாரியைத் தூக்கி வெளியில வைச்சவர். ஒருத்தர் ஒண்டு கேட்டால், அது திரும்பி வருமோ எண்டு பாக்காமல் குடுத்தவர். அப்பிடி ஒரு ஆளுக்குப் பின்னால ரெண்டாவதா நிக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை."

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அழுதேன். ஐயோ என்ர ராசா என்று குளறி அழுதேன். யாரோ ஒரு பாரிஸ்காரன் வந்து என் மனுசனை எனக்குத் திருப்பித் தந்துவிட்டான்.

இறங்கி வந்தவர் கவிசனிடம் போனார். கவிசனின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, நீதான் அடித்தாய் என்று தெரிந்த ஒருத்தர், அதுவும் அந்த ஒருத்தர், அவன் கையைப் பிடிக்கிறார். சுற்றவரச் சனம் காதை நீட்டிக்கொண்டு நின்றது.

"தம்பியை நான் முந்தி எங்கயும் கண்டதில்லை" என்றார் ஆனந்தராஜா, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "பந்து விளையாடுறனீங்களோ?"

கவிசன் சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான். "இல்லை அண்ணை. நான் விளையாடினதில்லை."

"ஓம். அப்பிடித்தான் நானும் நினைச்சனான்." பிடித்த கையை உடனே விடவில்லை. அவர் பார்வை கவிசனின் இடது காலில் கொஞ்சம் நின்றது. பிறகு போய்விட்டார். தம்பிமுத்து பெரிதாக மூச்சு விட்டார். நானும்தான் விட்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். தம்பி தப்பிவிட்டான். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெட்டியை மூடி, மேலே சேட்டை விரித்து, உள்ளே கொண்டுபோனார்கள். கவிசனும் நானும் மட்டும் கூடப் போனோம். இங்கே கொள்ளி என்பது சுவரில் ஒரு பொத்தான். நோர்வே மனுசி காட்டினாள். கவிசன் அதில் விரலை வைத்துவிட்டு நின்றான். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சேட்டு என்ர."

"ஓமடா, உன்ரதான். எடுத்துத் தரச் சொல்லட்டோ?"

அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். "முதுகில அத்தான்ர பேர்தானே கிடக்கு" என்று சொல்லிவிட்டு அழுத்தினான்.