கொரிந்தார் எந்தப் பக்கம்?

சுவிற்சர்லாந்து வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் பணிவன்புடன் அறியத்தருவது யாதெனில், 1996 மே மாதம் ஓர்லிகோன் மண்டபமொன்றில் ‘கொரிந்து மாநகர்: வரலாறும் பண்பாடும்’ என்ற தலைப்பில் நிகழ்ந்த பேருரையைக் கேட்க, மேற்படி பண்டைய மாநகரத்தாரே நேரில் வந்து பின்வரிசைக் கதிரைகளில் அமர்ந்திருந்தனர். செத்து ஆயிரத்துத் தொளாயிரம் வருடமாகியும் நேரத்துக்கு வந்தவர்கள் அவர்கள் மட்டுமே. மற்றவர்கள் வழக்கம்போல ஒரு மணித்தியாலம் பிந்தினார்கள்.

பேருரையாளர் அலோசியஸ். முன்பு டாவோஸ் என்ற மலையூரில் ஹோட்டல் அடுக்களையில் கோப்பை கழுவியவர். இப்போது ஓர்லிகோனில் துப்புரவுக் கொம்பனியொன்றில் மேற்பார்வையாளர். மகள் வனேசா முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மை விருந்துக்கு நல்ல குடும்பங்கள் வரவிருந்ததால், சும்மா சோறு போட்டு அனுப்பாமல் அறிவையும் ஊட்டி அனுப்புவதென்று தீர்மானித்திருந்தார். பூசையில் ‘கொரிந்தியருக்கு எழுதிய திருமுகம்’ என்று அடிக்கடி பேர் கேட்ட ஊராக இருக்கட்டும் என்று கொரிந்தைத் தெரிந்தெடுத்து, நூலகத்து ஜெர்மன் புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தார். இரண்டு கடல்களில் இரண்டு துறைமுகம், நடுவே கல் பாவிய பாதையில் கப்பலையே தரைமேல் இழுத்துக்கொண்டுபோன கெட்டித்தனம், வெண்கலம், விளையாட்டு விழா, வென்றவன் தலையில் காய்ந்த செலரிக் கீரைக் கிரீடம், எல்லாம் சொன்னார். ரோமர் எரித்து நூறு வருடம் பாழாய்க் கிடந்த ஊரில், விடுதலையான அடிமைகளைக் கொண்டுவந்து குடியேற்றியதை மட்டும் விட்டுவிட்டார். பண்பாட்டு உரையில் அது எதற்கு?

கொரிந்தார் மரியாதையாகக் கைதட்டினார்கள். அவர்கள் தமிழ் கதைத்ததில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. ஞாயிறுதோறும் தமிழில் பேர் சொன்னால் தமிழில்தானே வருவார்கள். அந்தக் குளிருக்குப் போதாத உடுப்பென்று பெண்கள் சால்வை கொடுத்தார்கள். பிறகுதான் சாப்பாட்டு மேசை. எங்கள் ஆட்கள் சாதி கேட்கிற பழக்கமில்லாதவர்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று மட்டுமே கேட்பார்கள். பதிலில் கோயிலும் குளமும் ஒழுங்கையும் வந்தால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும். அலோசியஸின் மனைவி யூலியானா, தோடம்பழச் சாறு ஊற்ற வந்தவர், பின்வரிசையாரிடமும் அதைத்தான் கேட்டார்.

விரலிடுக்கில் பானை வனைந்த களிமண் காயாத ஒரு பெண் பதில் சொன்னார். “ரோமர் அவிழ்த்துவிட்ட அடிமையளின்ர பக்கம், தங்கச்சி.”

யூலியானா கண்ணாடிக் கிளாசுகளை மேசையின் மறுகரைக்குத் தள்ளிவிட்டு, கீழேயிருந்து கடதாசிக் கோப்பைகளை எடுத்தார். அவை கொரிந்தாருக்காக வாங்கியவை அல்ல. மரியதாஸுக்காக வாங்கியவை.

மரியதாஸ் டாவோசில் அலோசியஸோடு ஒரே அறையில் கிடந்தவர். தன் குளிர்கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டுத் தான் நடுங்கியவர். ஊரில் அவர் எந்தப் பக்கமென்று எல்லோருக்கும் தெரியும். விருந்துக்குச் சொல்லாமல் விட அலோசியஸுக்கு மனம் வரவில்லை. சொல்லி, சமமாக இருத்தினால் நல்ல குடும்பங்கள் எழும்பிப் போய்விடுமோ என்று பயம். மனத்துக்கும் பயத்துக்கும் சமரசம் பேசி உருவானதுதான் கடதாசிக் கோப்பை. மரியதாஸ் வாசலோரக் கதிரையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, உரை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார்.

கொரிந்துப் பெண் தன் கோப்பையைப் பார்த்தார். வாசலோரக் கோப்பையையும் பார்த்தார். கோபப்படவில்லை.

“நாங்கள் இப்பிடி மாற ரெண்டு தலைமுறை எடுத்தது,” என்றார். “கோயில் விருந்தில வசதியானவை உள்ளுக்க, மற்றவை வெளி முத்தத்தில. கடைசியில எங்களுக்குக் கடிதம் எழுதின அப்போஸ்தலரிட்ட பேச்சு வாங்கினதுதான் மிச்சம். நீங்கள் பத்து வருசத்தில செய்துபோட்டியள். கெட்டிக்காரர்தான்.”

அலோசியஸ் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். வாசல்வரை போனார். மரியதாஸின் முகத்தைப் பார்க்காமல், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, “அண்ணை, கிளாஸ் முடிஞ்சுபோச்சு” என்றார். அவருக்குப் பின்னால் கழுவித் துடைத்த கிளாசுகள் பளபளவென்று வரிசையாய் நின்றன.

“டாவோசில ரெண்டு பேரும் ஒரே கோப்பையிலதான் குடிச்சனாங்கள், அலோசி,” என்றார் மரியதாஸ். “அப்ப உனக்கு வேற ஆக்களைத் தெரியாது.”

சாற்றைக் குடித்து முடித்தார். வனேசாவின் தலையைத் தடவி, கொண்டுவந்த செபமாலையைக் கையில் வைத்துவிட்டு ரயிலேறப் போனார்.

கொரிந்தார் போகவில்லை. பிரெஞ்சு பேசும் பக்கத்து ரெனானில் வீடெடுத்தார்கள், பேக்கரியிலும் மருத்துவமனைச் சலவையிலும் வேலை எடுத்தார்கள், பிள்ளைகள் பிரெஞ்சு பேசத் தொடங்கினார்கள். அவர்களை எப்படி நடத்துவதென்று கொஞ்சக்காலம் குழம்பிய பெரியவர்கள், கிரேக்கர் என்றால் வெள்ளைக்காரர்தானே, வெள்ளைக்காரருக்குப் பக்கம் கிடையாது என்று ஒருமனதாகத் தீர்த்துக்கொண்டார்கள். அலோசியஸ் உண்மையாகவே வெட்கப்பட்டார். கண்ணாடியில் முகம் பார்க்காமல் சவரம் செய்து நாடியெல்லாம் வெட்டுக்காயம். ஒருமுறை டாவோஸ்வரை போய், மரியதாஸ் வீட்டு மணியில் விரலை வைத்து, அமத்தாமல் எடுத்துக்கொண்டு திரும்பினார். 1998இல் மகன் யூட்டின் முதல்நன்மைக்குக் கொரிந்தார் அத்தனைபேரும் வந்தார்கள். நல்ல குடும்பங்களோடு தோளுரச இருந்து சாப்பிட்டார்கள். முகத்தில் விழிக்க வெட்கமாயிருந்ததால் அலோசியஸ் மரியதாஸுக்குச் சொல்லவில்லை.