சிவப்பு மையில் எழுதிய நேரங்கள்

கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சருக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருநாளும் அவள் பதறியதில்லை. காவல் நிலையத்தில் போனைத் திறந்தபோது பதறிப்போனாள். உள்ளே ஒன்றுமே இல்லை. மூன்று வாரமாக முகம் தெரியாத எவனோ அனுப்பிய அசிங்கம், மிரட்டல், அவள் முகத்தை ஒட்டிய ஆபாசப் படம், எதையும் காணோம்.

"நான்தான் அழிச்சேன்," என்றான் பக்கத்தில் இருந்த கணவன். "சோறு தண்ணி இல்லாம அதையே பாத்து அழுவுறியேன்னு... அந்த அக்கவுன்டையும் காலைல பிளாக் பண்ணிட்டேன்."

அட மனுஷா! பாசம் வைத்தால் இப்படியா வைப்பது?

"உங்கள யாரு கேட்டா?" அழுகையும் ஆத்திரமும் முட்டின. "நாளைக்கு அந்தப் படத்த எல்லாருக்கும் அனுப்பப் போறேன்னு சொல்லியிருக்கான். இப்ப எதக் காட்டிப் புகார் குடுப்பேன்?"

எதிரே இருந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "விடுங்கம்மா, பாதி வீட்ல இதத்தான் செய்யறாங்க. அவன் செஞ்சது குத்தம், அதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா எந்த அக்கவுன்ட், எப்ப அனுப்பினான்னு தெரிஞ்சாத்தான் அந்த ஆப் கம்பெனிகிட்ட ஆளு யாருன்னு கேக்க முடியும். எங்கயாச்சும் குறிச்சு வெச்சீங்களா?"

டீச்சர் அவசரமாகக் கைப்பையைக் கவிழ்த்தாள். பயிற்சி நோட்டு விழுந்தது. யார் எப்போது ஏறினார், இறங்கினார், என்ன தப்புச் செய்தார் என்று எழுதாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கண்றாவியையும் தேதி, மணி, அக்கவுன்ட் பெயரோடு சிவப்பு மையில் எழுதித் தொலைத்திருந்தாள்.

அதிகாரியின் விரல் வரிவரியாக இறங்கியது. சட்டென்று நின்றது.

"சிவப்பு எல்லாமே செவ்வாய், வெள்ளி. அஞ்சுலேர்ந்து அஞ்சேகாலுக்குள்ள. அஞ்சு மணிக்கு யாரு இறங்கறது?"

டீச்சர் அந்த நாட்களின் பயிற்சி வரியைப் பார்த்தாள். வாய் நிறைய "மேடம், மேடம்" என்று கூப்பிடும், கார் பழக வரும் பேங்க்காரர்!

"இன்னும் ஓட்ட வரல, லைசென்ஸ் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன்னேன். அவ்வளவுதாங்க சொன்னேன்."

"நேரம் ஒத்துப்போறது மட்டும் பத்தாது. கம்பெனி பதில் வந்தாத்தான் உறுதி. இன்னிக்கே எழுதறேன்."

அப்போது மேசைமேல் போன் அதிர்ந்தது. புது அக்கவுன்ட். 'பிளாக் பண்ணிட்டா தப்பிச்சிருவியா?'

கணவனின் கை தானாகப் போனை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!" என்றாள் டீச்சர். போனை அதிகாரி பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள்.