வலது பக்கத்து இருக்கை

தியேட்டர் ஆபரேட்டருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டது. தன் மனைவியைத் தவிர இது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தியேட்டரில் யாரும் கண்டுபிடிக்க வழியும் இல்லை. திரைக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதைக் கேட்க ஒரு காது போதாதா என்ன?

அந்த நிம்மதியில்தான் முதலாளியம்மா மண்ணை அள்ளிப் போட்டார். எல்லாத் தியேட்டரிலும் ஸ்டீரியோ வந்துவிட்டதாம், நம் பழைய புரொஜெக்டரையும் மாற்றினால்தான் புதுப் படம் கிடைக்குமாம். சொன்ன கையோடு மெக்கானிக்கையும் வரவழைத்துவிட்டார்.

ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று இரண்டு கோடுகள் நெளிந்து ஓடும். பழைய மெஷின் இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் படித்துவிடும். மெக்கானிக், கோடுகளைப் படிக்கும் அந்தப் பழைய ஒளிச்செல்லைக் கழற்றிவிட்டு, நடுவில் இரண்டாகப் பிரித்த புதுச் செல்லை மாட்டினார். ஒரு பாதி இடது கோட்டுக்கு, மறுபாதி வலது கோட்டுக்கு. திரையின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் ஏறியது. ஒயர்களில் இடது, வலது என்று சீட்டு ஒட்டி ஆபரேட்டர் கையில் கொடுத்தார். "ஆம்ப்ளிஃபயர்ல சொருகிட்டு, ஹால் நடுவுல உக்காந்து காதால கேட்டு சரி பண்ணிக்கங்க. உங்களுக்கா சொல்லித் தரணும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

காதால் கேட்டா! மதியம் முதலாளியம்மா சோதனை பார்க்க வருகிறார். ஒரு பக்கம் கேட்காத ஆளை வைத்துக்கொண்டு எந்த முதலாளி ஸ்டீரியோ ஓட்டுவார்? கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு?

யாரையாவது துணைக்குக் கூப்பிடலாம் என்றால், பக்கத்தில் இருந்தது கேன்டீன் நடத்தும் மச்சினன் மட்டும்தான். மனைவியின் தம்பி. எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் என்ன சொன்னாலும் அதை உரக்க ஒருமுறை திருப்பிச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போதாக்குறைக்கு, எங்கே போனாலும் ஆபரேட்டரின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொள்வான். பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், கல்யாண வீட்டில், சொந்த அக்காவையே இடித்துத் தள்ளிவிட்டு வந்து உட்காருவான். உனக்கு வேறு இடமே கிடைக்காதா என்று எரிந்து விழுந்தால் பல்லைக் காட்டுவானே தவிர அசையமாட்டான். இவனிடம் சொன்னால் ஊருக்கே ஒலிபரப்பாகிவிடும் என்று ஆபரேட்டர் வாயைத் திறக்கவில்லை.

ஒயரைச் சொருகப் போகும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. மெஷினுக்குள் ஃபிலிம் தலைகீழாகத்தானே ஓடுகிறது? அப்படியானால் இடது வலதாகிவிடாதா? மெக்கானிக் கோட்டைவிட்டுவிட்டார் என்று இரண்டையும் மாற்றிச் சொருகினார். மெக்கானிக் தலைகீழையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் சீட்டே ஒட்டியிருந்தார். வாழ்க்கை முழுக்க ஃபிலிமைத் தலைகீழாகவே மாட்டிய மனுஷனுக்குத்தான் இப்படியொரு அதிபுத்திசாலித்தனம் தோன்றும்.

சோதனை ரீலை ஓடவிட்டு, கீழே வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரோ இல்லையோ, வலது பக்கத்தில் ரேடியோ ஆஜர். திரையில் ஒரு ரயில் இடமிருந்து வலமாகப் போனது. ஆபரேட்டர் தலையை ஆட்டி, பிரமாதம் என்றார். ரேடியோ அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ரயில் மறுபடியும் வந்துபோகும்வரை தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டான்.

"மாமா, ரயில் இந்தப் பக்கம் போகுது. சத்தம் அந்தப் பக்கம் போகுது."

ரீலே அப்படித்தான், உனக்கென்ன தெரியும் என்று ஆபரேட்டர் சீறினார்.

"ஒயரை மாத்தி சொருகிட்டீங்க போல. நீங்க மேல போங்க, நான் இங்க உக்காந்து கேட்டு டார்ச் காட்டறேன். உங்களுக்குத்தான் இடது காது கேக்காதுல்ல."

ஆபரேட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அக்கா சொன்னாளா என்று கேட்டார்.

"யாரும் சொல்லல மாமா. அக்காவைக் கட்டின புதுசுல உங்க இடது பக்கம் நின்னு கூப்பிட்டேன், நீங்க திரும்பவே இல்ல. திமிரு புடிச்ச மாப்பிள்ளைன்னு அப்பா முணுமுணுத்தாரு. வலது பக்கம் வந்து கூப்பிட்டேன், உடனே சிரிச்சீங்க. அன்னைக்கே புரிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் இருக்கறவங்க பேசறது உங்களுக்கு விழாது. இந்தப் பக்கம் உக்காந்து நான் திருப்பிச் சொன்னா விழும்ல? அதான்."

அதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு ரேடியோ என்ற பெயர் வந்ததே தன்னால்தான் என்பது ஆபரேட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் கேலி செய்தது, அவரும் சேர்ந்து கேலி செய்தார். அவன் ஒரு நாளும் காரணம் சொல்லவில்லை. அவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு மாடியேறினார்.

ஒயரைச் சீட்டில் உள்ளபடியே மாற்றினார். கீழே டார்ச் எந்தப் பக்கம் ஆடியதோ அந்தப் பக்கத்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். டார்ச் நேராகக் கூரையைப் பார்த்து நின்றதும் கையை எடுத்தார்.

மதியம் முதலாளியம்மா வந்து உட்கார்ந்து ஒலியைக் கேட்டார். ரயில் அவரைக் கடந்து போனதில் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். உங்க காதுன்னா காதுதான் என்று மெச்சினார். ஆபரேட்டர் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மனசு கேட்கவில்லை.

"எனக்கு இடது காது கேக்காதும்மா. இதைச் சரி பண்ணது என் மச்சினன்."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷம் ஓட்டினீங்கல்ல? காதைச் சாக்குச் சொல்லி ஓய்வு வாங்கலாம்னு பாக்காதீங்க. புதுப் படம் வந்தா இவனைக் கீழ உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரீலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ரேடியோ வழக்கம்போல வலது பக்கம் வந்தான். ஆபரேட்டர் அந்த இருக்கையில் கையை வைத்து மறித்தார். இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

"அங்க உக்காந்தா நான் பேசறது உங்களுக்குக் கேக்காதே மாமா?"

"போதும்டா எனக்காகத் திருப்பிச் சொன்னது. இன்னைக்கு நீ படத்தைக் கேளு. வலது பக்கத்தை நான் பாத்துக்கறேன்."