அட்டையில் எட்டுப் பெயர்கள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வால்டர் மந்தைவெளி மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு கேக் பெட்டியின் மூடி. இரண்டு கையாலும் தட்டு ஏந்துவதுபோல் பிடித்திருந்தான். சாய்த்தால் போல்ட்டுகள் உதிர்ந்துவிடும்.

பள்ளி வேன் ஓட்டிவந்த அவன் மனைவி ஜொவிட்டா, போன ஆகஸ்டில் அடையாறு பாலத்தில் இன்ஜின் கொதித்து நின்ற பிறகு செய்த அட்டை அது. இன்ஜினின் மேல் மூடிபோல் உட்காரும் ஹெட்டை ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, எட்டு இடத்தில் துளை போட்டு, கழற்றிய எட்டு போல்ட்டுகளையும் அதில் செருகி வைத்திருந்தாள். எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். அதற்காக எல்லா ஷெட்டிலும் செய்கிற ஏற்பாடுதான். மற்றவர்கள் எண் போடுவார்கள். ஜொவிட்டா பெயர் எழுதினாள். மேல் வரிசையில் ருக்சார், அதீபா, மகேஷ், ஜேக்கப். கீழே லாவண்யா, ஆனந்த், லூயிசா, முத்து. அவள் வேனில் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், பெஞ்சுக்கு நாலு பேர். அடையாறு பள்ளிக்கு அவள் கூட்டிப்போன குழந்தைகள் உட்காரும் அதே வரிசை. "நம்பர்னா மறந்துடும் பாய், இதுங்கள மறக்க முடியுமா" என்றாளாம். மெக்கானிக் ஷரஃபுதீன் சொல்லித்தான் வால்டருக்குத் தெரியும்.

அட்டை செய்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பதினோராம் நாள் குயிபிள் ஐலண்ட் கல்லறை. வேன் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் பத்து மாதம் கிடந்தது.

அதை எழுப்பியவள் தங்கம். நொச்சிக்குப்பத்துப் பெண், வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவள். ஜொவிட்டா அவளுக்கு லூப் ரோட்டில் வண்டி ஓட்டப் பழக்கியிருந்தாள். ஏப்ரலில் லைசென்ஸை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வண்டிய நான் ஓட்றேண்ணா. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ரெடி பண்ணிக் குடு." வால்டர் சரி என்றான். இந்தப் பத்து மாதத்தில் யார் எது கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொல்லிவந்தான்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

"போல்ட்டெல்லாம் அளந்தியா நைனா?" ஷரஃபுதீன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அளந்தேன் பாய். எட்டும் சரியா இருக்கு."

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வால்டர் கிண்டியில் போல்ட் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். எடுக்கலாம், தள்ளலாம் என்று சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

எட்டும் சரியாக இல்லை. நேற்று மாலை ஒரு புது போல்ட்டைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை சேர்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நன்றாக இருந்தால் இடையில் வெளிச்சம் தெரியாது. அதீபா, மகேஷ், லூயிசா மூன்றிலும் தெரிந்தது. இன்ஜின் கொதித்த சூட்டில் இழுபட்டு நீண்டுவிட்டவை. லூயிசாவின் நடுப்பகுதி மெலிந்தே போயிருந்தது. வேலையிடமாக இருந்தால் தலையில் சிவப்பு பெயின்ட் வைத்துக் கூண்டில் போட்டுப் பூட்டியிருப்பான். தள்ளிய சரக்கு தெரியாமல் நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது. அங்கே அதுதான் சட்டம். நேற்று அவன் மூன்றையும் துணியால் துடைத்து, அவரவர் பெயர் இருந்த துளையில் திரும்பச் செருகினான். ஜொவிட்டாவின் கை கடைசியாகப் பிடித்து முறுக்கிய சாமான்கள். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் இடையில் கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து ஹெட்டை இறக்கினார்கள். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போய், மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். தங்கம் பின்னால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். வேண்டிய இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்சு டிக் என்று தட்டும். ஒவ்வொரு டிக்குக்கும் ஷரஃபுதீன் குரலைச் சின்னதாக்கி, "பிரசன்ட் மிஸ்" என்றார். தங்கம் சிரித்தாள். இரண்டு சுற்று இப்படியே போயிற்று.

மூன்றாவது சுற்று. அதீபா பிரசன்ட். மகேஷ் கொஞ்சம் தாமதமாக வந்தான்.

"லூயிசா!"

வால்டர் முறுக்கினான். ரெஞ்சு நகர்ந்தது. டிக் வரவில்லை. இன்னும் முறுக்கினான். வெல்லப்பாகில் கரண்டி போவதுபோல் வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா, லூயிசா ஆப்சென்டா?" என்ற ஷரஃபுதீன், அவன் முகத்தைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்து. அளந்தேன்னு சொன்னியே, இன்னா வந்துச்சு?"

வால்டர் ரெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "மூணு போயிடுச்சு பாய்."

"தெரிஞ்சே மாட்டுனியா?"

"தெரிஞ்சேதான்."

ஷரஃபுதீன் திட்டியிருந்தால் சரி என்று கேட்டுக்கொண்டிருப்பான். அவர் பீடியைத் தேடினார். துடைக்கிற துணியோடு முன்னால் வந்தவள் தங்கம்தான்.

"எந்த மூணுண்ணா?"

சொன்னான்.

"அந்தப் புள்ளைங்களத்தான் நான் திங்கக்கெழமை ஏத்திக்கினு போவணும்." அவள் குரல் உயரவில்லை. "இன்ஜின் எங்க கீது? என் சீட்டுக்கு அடியில கீது. அன்னிக்குப் பாலத்து மேல ஆவி அடிச்சப்போ அக்கா காலு எப்பிடிப் பொத்துப்போச்சுன்னு நீ பாக்கலியா?"

பார்த்திருந்தான். வலது குதிகாலுக்கு மேலே, ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம். ராத்திரியும் காலையும் அவன்தான் மருந்து போட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் போர்வை விலகியபோது, அது பாதிதான் ஆறியிருந்தது.

"கழட்டிடலாம் பாய்" என்றான்.

"எட்டையுமே மாத்திரு நைனா. பழசும் புதுசும் கலந்தா இழுப்பு ஒரே மாரி இருக்காது. கேஸ்கெட்டும் இன்னொண்ணு வாங்கினு வா. அமுங்கனது அமுங்கனதுதான்."

அளவுக்காக ருக்சாரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனான். சண்முகவேல் கடையில் போல்ட் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டவை வெள்ளிபோல் மின்னின. வால்டர் ஒன்றைத் திருப்பித் தலையைப் பார்த்தான். உறுதியைச் சொல்லும் எண் இல்லை, செய்தவன் முத்திரை இல்லை. தள்ளி வைத்தான். அடுத்த பெட்டியில் எண் இருந்தது. மரையை ருக்சாரோடு சேர்த்துப் பிடித்தான். பொருந்தவில்லை. அதையும் தள்ளினான்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்கீய? பளபளன்னு இருக்கத வேண்டாங்கிய. வெறுங்கையோட போனா வீட்ல திட்ட மாட்டாவளா?"

"திட்டுவா" என்றான் வால்டர்.

மூன்றாவது பெட்டியில் மங்கலான கறுப்பு போல்ட்டுகள். தலையில் 10.9 என்ற எண்ணும் பக்கத்தில் முத்திரையும் அழுத்தமாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றாக அளந்தான். நீளம் சரி. மரை சரி. வெளிச்சம் புகவில்லை. பன்னிரண்டு பார்த்து எட்டு எடுத்தான். தன் கை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்ததைக் கவனித்தான். நேற்றும் அது சரியாகத்தான் செய்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டு. அதற்குள் ஷரஃபுதீன் மற்ற ஏழையும் கழற்றி, அட்டையில் அவற்றின் துளைகளிலேயே செருகி வைத்திருந்தார். வால்டர் அட்டையைக் கவிழ்த்தான். ஏழும் கீழே விழுந்து உருண்டன. பையிலிருந்த ருக்சாரையும் அவற்றோடு போட்டான். பிறகு புது போல்ட்டுகளுக்கு எண்ணெய் தடவி, ஒவ்வொரு பெயரின் துளையிலும் ஒன்றைச் செருகி, தங்கத்திடம் நீட்டினான்.

"கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். இந்தத் தடவை யாரும் பிரசன்ட் சொல்லவில்லை. மூன்று சுற்றும் ரெஞ்சின் டிக் மட்டும் கேட்டது. மூன்றாவது சுற்றில் லூயிசா வந்தபோது ஷரஃபுதீன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். டிக். யாரோ மூச்சு விட்டார்கள்.

மற்ற பாகங்களைப் பூட்டித் தண்ணீர் ஊற்றி முடிக்க ஐந்து மணி ஆயிற்று. இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். வால்டர் தரையில் குனிந்து பழைய எட்டையும் பொறுக்கினான். மூலையில் ரெட் ஆக்சைடு பெயின்ட் டப்பா இருந்தது. மூடியை நெம்பித் திறந்து, ஒவ்வொன்றின் தலையையும் அதில் முக்கி எடுத்தான்.

"அஞ்சு நல்லாத்தானே கீது நைனா" என்றார் ஷரஃபுதீன். "வெச்சுக்கயேன்."

"வெச்சிருந்தா மறுபடி மாட்டிடுவேன் பாய்."

எட்டும் சிவந்ததும் காயலான் டிரம்மில் போட்டான். அட்டையை மடிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

"அண்ணா, அத எனக்குக் குடேன்" என்றாள் தங்கம். "அக்கா யார எங்க உக்கார வெச்சாங்கன்னு எனக்குக் கொயம்பும். ருக்சாரும் முத்துவும் எதுர எதுர உக்காந்தா ஒதச்சிக்குதுங்க."

அட்டையை எடுத்து ஓரத்து எண்ணெயைத் துடைத்தான். பிறகு கொடுத்தான். அவள் அதை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு, "ஏறு, அடையாறு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள்.

முன் சீட்டில் உட்கார்ந்தான். அதே பாலத்தில் ஏறும்போது குனிந்து, அவள் சீட்டுக்கு அடியிலிருந்த தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுவென்று இருந்தது. அவ்வளவுதான். கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது. விரல் நுனியில் சிவப்பு இன்னும் காயவில்லை. பாலம் முடிந்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.